ஹாரிஸுக்கு ஓட்டு, ப்ராப் 6-க்கு வேட்டு

2024 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்தது. ட்ரம்ப் பதவியும் ஏற்றுவிட்டார். அந்த வயிற்றெரிச்சல்கூட ஓரளவு அடங்கிவிட்டது. அடங்காதது கலிஃபோர்னியா செய்த வேலைதான். ஆமாம், நம்ம கலிஃபோர்னியாதான். ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு 58 சதவீத ஓட்டு போட்ட, வீட்டுக்கு வீடு வாசலில் 'இங்கே எல்லோரும் சமம்' என்று பலகை நட்டுவைத்திருக்கிற கலிஃபோர்னியா.

அதே ஓட்டுச் சீட்டில், அதே பேனாவால், ப்ராப் 6-ஐத் தோற்கடித்திருக்கிறார்கள். ப்ராப் என்றால் 'ப்ராபொசிஷன்', மாநிலச் சட்டத்தை மாற்றலாமா என்று மக்களிடமே நேரடியாக ஓட்டுக்கு விடுகிற கேள்வி. 53 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்று குத்தியிருக்கிறார்கள்.

அப்படி என்ன கேட்டுவிட்டது ப்ராப் 6? சிறையில் இருப்பவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது. அவ்வளவுதான். 1865இல் அடிமை முறையை ஒழித்த, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தத்திலேயே 'குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் தவிர' என்று ஓர் ஓட்டையை விட்டுவைத்தார்கள். கலிஃபோர்னியாவின் அரசியல் சட்டத்திலும் அதே ஓட்டை இருக்கிறது. அதை அடைக்கலாமா என்றுதான் கேள்வி. விருப்பப்பட்டு வேலை செய்கிறவர் தாராளமாகச் செய்யலாம், அதற்காகத் தண்டனைக் காலமும் குறையலாம். மாட்டேன் என்பவரை அதற்காகத் தண்டிக்காதீர்கள், அதுதான் விஷயம். சிறைச் சமையலறையிலும் சலவைக்கூடத்திலும் வேலை பார்ப்பவருக்குக் கிடைக்கிற கூலி மணிக்கு ஒரு டாலர்கூட இல்லை.

இதில் எனக்குத் தாங்கவே முடியாத சங்கதி ஒன்று உண்டு. தேர்தலுக்கு முன்னால் அரசு அனுப்புகிற வாக்காளர் கையேட்டில் ஒவ்வொரு ப்ராப்புக்கும் ஆதரவு வாதம், எதிர்வாதம், அதற்கு மறுப்பு என்று பக்கம் பக்கமாக இருக்கும். ப்ராப் 6-க்கு எதிர்வாதம் இருக்க வேண்டிய இடத்தில், எதிர்த்து யாரும் எழுதித் தரவில்லை என்று ஒற்றை வரி! எழுதிக் கொடுக்க ஒரு ஆள் முன்வரவில்லை. டிவியிலும் இதை எதிர்த்து ஒரு விளம்பரத்தை நான் பார்க்கவில்லை. எதிரியே இல்லாத களத்தில் தோற்பதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும்.

சீட்டில் 'அடிமை முறை' என்ற சொல்லே இல்லை, அதனால் மக்களுக்குப் புரியவில்லை என்று சமாதானம் சொல்கிறார்கள். கம்பெனி கொடுக்கிற பங்குக்கு எந்த வருடம் எவ்வளவு வரி வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர்களுக்கு இது புரியவில்லையாம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுகிற பாட்லக் விருந்தில் ஒருவரைக் கேட்டேன். ஹாரிஸுக்காக ராத்திரி ராத்திரியாக வேறு மாநிலத்துக்கு போன் போட்டு ஓட்டு கேட்டவர். "தப்பு பண்ணிட்டு உள்ள போனவனுக்கு சும்மா உட்காரவெச்சு சோறு போடணுமாங்க? நம்ம டாக்ஸ் பணங்க" என்றார். புரியாமல் ஒன்றும் இல்லை. நன்றாகவே புரிந்திருக்கிறது.

பக்கத்து நெவாடாவைப் பாருங்கள். தாஹோ ஏரியை நம்மோடு பங்குபோட்டுக்கொள்கிற மாநிலம். 2004க்குப் பிறகு முதல்முறையாக அதிபர் தேர்தலில் அங்கே குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜெயித்திருக்கிறார். அதே நாளில் அதே மக்கள் தங்கள் அரசியல் சட்டத்தில் இருந்த அதே ஓட்டையை அடைத்துவிட்டார்கள், 60 சதவீத ஓட்டோடு. ட்ரம்ப்புக்குப் போட்ட கை அதைச் செய்கிறது. ஹாரிஸுக்குப் போட்ட கைக்கு என்ன வந்தது?

சம்பள விஷயமும் இதே லட்சணம்தான். குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 18 டாலராக்கச் சொன்ன ப்ராப் 32-ஐ ஒன்றரை சதவீதம்கூட இல்லாத வித்தியாசத்தில் தோற்கடித்தோம். அது தெரியவே இரண்டு வாரம் ஆனது, நம் எண்ணுகிற வேகம் தனிக் கதை. ட்ரம்ப்பை அமோகமாக ஜெயிக்கவைத்த மிசௌரியும் அலாஸ்காவும் அன்றைக்கே 15 டாலருக்கும், சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்புக்கும் சரி என்று சொல்லிவிட்டன. இனி நம் ஆட்கள் யாராவது "மிட்வெஸ்ட் ஜனங்களுக்கு எது நல்லதுன்னே தெரியலை" என்று ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

வாடகைக் கட்டுப்பாட்டை விரிவாக்கக் கேட்ட ப்ராப் 33? 2018, 2020, இப்போது 2024. ஹாட்ரிக் தோல்வி. எதிர்த்தரப்பு 10 கோடி டாலருக்கும் மேல் கொட்டியது. தபால்பெட்டியைத் திறந்தாலே பளபள அட்டைகள்தான் விழுந்தன. அங்கே பணம் தோற்கடித்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

திருட்டு, போதைப்பொருள் வழக்குகளில் தண்டனையைக் கூட்டுகிற ப்ராப் 36 மட்டும் 68 சதவீதத்தோடு ஜெயித்தது. மாநிலத்தில் ட்ரம்ப் வாங்கியதே 38 சதவீதம்தான், மிச்சம் 30 யாருடையது? திருட்டுக்குப் பயந்து கடையில் பூட்டிவைத்திருக்கிற ஷாம்புவை வாங்க மணியடித்து, சாவியோடு ஆள் வரும்வரை நிற்கிற எரிச்சல் எனக்கும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே சீட்டில், சிறைக்கு அனுப்புகிற வழியை அகலமாக்கிவிட்டு, உள்ளே போனவரிடம் கட்டாய வேலை வாங்குகிற உரிமையையும் பத்திரப்படுத்திக்கொண்டோமே, அது உறுத்தவே இல்லையா?

சரி, ஜெயித்ததும் உண்டு. மாநில அரசியல் சட்டத்தில் தன்பாலினத் திருமணத்தைத் தடுக்கிற வாசகத்தை ப்ராப் 3 நீக்கிவிட்டது, சந்தோஷம். அந்த வாசகத்தைச் சேர்த்ததும் இதே கலிஃபோர்னியாதான், 2008இல், ஒபாமாவுக்கு 61 சதவீதம் கொடுத்த அதே நாளில். இந்த வியாதி புதிதல்ல. ஃப்ளோரிடாவில் கருக்கலைப்பு உரிமைக்கு 57 சதவீதம் கிடைத்தும், அரசியல் சட்டத்தைத் திருத்த 60 வேண்டும் என்று தோற்றதே, அது கொடுமை. அந்த 60 விதியே 2006இல் 58 சதவீதம்கூட எட்டாமல் நிறைவேறியது, அது அதைவிடக் கொடுமை. ஆனாலும் அங்கே ஜனங்கள் பக்கம் தவறு இல்லை. இங்கே எந்த விதியைக் குறை சொல்வது?

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது, ஆரஞ்சு உடுப்பில் ஆயிரம் கைதிகள் தீயோடு மல்லுக்கட்டினார்கள். அப்போது அவர்களுக்கு நாள் கூலி 5.80 டாலரிலிருந்து 10.24 வரை, அவசர நேரத்தில் மணிக்கு ஒரு டாலர் கூடுதல். அது அவர்களாக விரும்பிச் சேருகிற வேலை. கேட்டால் மனிதர்கள் செய்வார்கள் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த வீடியோவை நம் பாட்லக் நண்பர்தான் கைகூப்பிய எமோஜி வரிசையோடு அனுப்பினார், 'ரியல் ஹீரோஸ்' என்று. ப்ராப் 6-இன் முடிவை அதற்குக் கீழேயே ஒட்டிவிட்டேன். "அது வேற, இது வேறங்க" என்று பதில் வந்தது. எப்படி வேறு என்று கேட்டிருக்கிறேன்.