ரப்பரை எடுத்து உள்ளே வையுங்கள்

தன் முகத்தைத் தானே வரைய உட்காரும் பலர் முதல் கண்ணிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். இடது கண்ணை அரை மணி நேரம் இழைத்தால் வலது கண் அதற்கு ஜோடி சேராது. அழித்து அழித்துத் தாள் பஞ்சாகிவிடும். "பெர்ஃபெக்‌ஷனை விட்டுத் தள்ளு" என்று அறிவுரை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. சரியாக வரவே வழியில்லாத ஏற்பாட்டில் கையை மாட்டிவிட வேண்டும் என்பதே என் கட்சி.

முதலில் தாளைப் பார்க்காமல் வரைவது. ஏ4 தாளின் நாலு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். பால்பாயிண்ட் பேனா போதும்; பென்சில் எடுத்தால் அழிக்கத் தோன்றும். காகிதத் தட்டின் நடுவில் ஓட்டை போட்டுப் பேனாவைச் செருகினால் கை மறைந்துவிடும், எட்டிப் பார்க்க முடியாது. கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். செல்ஃபி வேண்டாம்: கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெருத்துவிடும். 5 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, காதோரம் தொடங்கி, எறும்பு ஊர்கிற வேகத்தில் கண் போகும் வழியே பேனாவை விடுங்கள். பேனா தாளை விட்டு எழும்பக் கூடாது.

முதல் தாள் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கண் என்றால் பாதாம், வாய் என்றால் படகு என்று மனதில் பதிந்த சின்னங்களைக் கை கிறுக்கிவிடுவதுதான் காரணம். மூக்கு கன்னத்துக்கு வெளியே போனால் கவலை வேண்டாம். கோடு வழவழவென்று வந்தால்தான் சந்தேகப்படுங்கள். பார்த்து வரைந்த கோட்டில் சின்னச் சின்ன நடுக்கம் இருக்கும்.

அடுத்து ஈர்க்குச்சியை இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையில் தோய்த்து வரைவது. கொஞ்ச தூரத்திலேயே மை வறளும், பாட்டில் வாயில் ஒற்றாமல் எடுத்தால் பொட்டென்று விழும். ஜெராக்ஸ் தாளில் கசியும், தடித்த தாள் வாங்குங்கள்.

மூன்றாவதில் ரப்பருக்கு வேலை உண்டு, ஆனால் அழிக்கும் வேலை இல்லை, பென்சில் போல வரையும் வேலை. தாள் முழுக்கக் கரி பூசி, ஒரு பக்கம் மட்டும் விளக்கு வைத்து, வெளிச்சம் விழும் இடங்களை ரப்பரால் எடுக்க வேண்டும். சுள்ளிக் கரிதான் சரி. அழுத்திச் செய்த கரிக்குச்சியின் கரி தாளை விட்டு லேசில் வராது.

1630இல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஏறக்குறைய 5 செ.மீ. உயரமே உள்ள அச்சுத் தகட்டில், கண்ணை உருட்டி வாயைப் பிளந்த தன் முகத்தைக் கீறினார். பின்லாந்து ஓவியர் ஹெலன் ஷெர்ஃப்பெக் 1944-45இல், எண்பதைத் தாண்டிய வயதில், தன் முகத்தை மண்டையோடு வரை கரைத்துக்கொண்டே போனார். இருவருக்கும் முக அளவுகள் அத்துப்படி. தலையின் பாதி உயரத்தில்தான் கண் என்பதை நீங்களும் படியுங்கள், வேறொரு நாளில்.

கோணல் கோட்டையே அழகாகப் பழகி இன்ஸ்டாகிராமில் ஸ்டைலாக்குவது பழைய நோய்க்குப் புதுச் சட்டை. ஓர் அமர்வுக்குப் பத்துத் தாள், ஒவ்வொன்றிலும் தேதி. எதையும் அன்றே கிழிக்காதீர்கள், அன்றே பதிவிடவும் செய்யாதீர்கள்.