மூலைத் திறப்புகள் அலங்காரம் அல்ல
மும்பையின் கஞ்சன்ஜங்கா அடுக்குமாடிக் கட்டடத்தில் மூலைக்கு மூலை தெரியும் பெரிய திறப்புகள் வெறும் அலங்காரம் என்றும், அதில் உள்ளூர் மரபு ஏதும் இல்லை என்றும் ஒரு பதிவர் எழுதியிருப்பது சரியன்று. 1983இல் முடிந்த அக்கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் கொரியா, அந்நகரின் பழைய பங்களாக்களைச் சுற்றி ஓடிய வராந்தாவையே முன்மாதிரியாகக் கொண்டார். கடற்காற்றும் அரபிக்கடல் காட்சியும் வேண்டுமென்றால் வீடு மேற்கே திறந்திருக்க வேண்டும். பிற்பகல் வெயிலும் பருவமழையும் வருவதும் அதே பக்கத்திலிருந்துதான். மூலைகளில் திறப்புகளாகத் தெரிபவை இரண்டு தள உயரமுள்ள தோட்ட மாடங்கள்; அவை முதலில் அவற்றை வாங்கிக்கொள்வதால், உள்ளே தள்ளியிருக்கும் கூடத்தில் சாரல் நேராக அடிப்பதில்லை. இது எளியோருக்கான வீடு அன்று என்ற அப்பதிவரின் மற்றொரு குறையை மட்டும் நான் மறுக்கவில்லை. 28 மாடிகளில் மொத்தமே 32 வீடுகள்தான்.