வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா?

அப்பா இராமேசுவரத்தில் ஒரு விசைப்படகு முதலாளிக்குக் கணக்கு எழுதினார். இறால், நண்டு, கணவாய் என்று எடை போட்ட சீட்டுகள் ராத்திரி எங்கள் தங்கச்சிமடம் வீட்டுக்கு வந்துவிடும். கூட்டல் இடித்தால் எல்லாவற்றையும் மறுபடி கூட்ட மாட்டார். வித்தியாசத்தை முதலில் ஒன்பதால் வகுப்பார்.

ஒருநாள் 4,500 இடித்தது. வகுத்தால் 500. "நூறும் ஆயிரமும் இடம் மாறியிருக்கு. ரெண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் அஞ்சு" என்றவர், நேராக 43,850 என்ற வரியில் விரலை வைத்தார். சீட்டில் இருந்தது 48,350.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் ஒன்று பத்து மடங்காகும், மற்றது பத்தில் ஒன்றாகும். மிஞ்சுவது எப்போதும் ஒன்பதின் மடங்குதான். எண் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இது தப்பாது. எங்கள் ஊர்ப்பக்கத்து இராமேசுவரத்தின் பின்கோடு 623526-ஐ 625326 என்று எழுதிப் பாருங்கள். வித்தியாசம் 1,800, அதாவது ஒன்பது இருநூறு.

இதை இப்போது எழுதக் காரணம் சித்தப்பா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு வரவேண்டிய நிவாரணம் அவருக்கு வரவில்லை. வங்கிக் கணக்கு எண்ணைப் பதியும்போது யாரோ 62-ஐ 26 ஆக்கிவிட்டார்கள். கடலுக்கும் போக முடியாத நேரத்தில் அந்தப் பணத்துக்காக அவர் அலைந்த அலைச்சலை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

இங்கே அப்பாவின் வழி உதவாது. ஒப்பிட இன்னொரு தொகை இல்லை. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தாலும் 6+2, 2+6 இரண்டும் எட்டுதான். ஆனால் எண்ணுக்குள்ளேயே காவல் வைக்க முடியும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் முந்தைய பதினொன்றிலிருந்து கணக்கிடப்படுவது. டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹோஃப் 1969-ல் தந்த முறை அது. ஓர் இலக்கம் தப்பினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். கைபேசி எண்ணில் அப்படி எதுவும் இல்லை. ஒரு குடும்பத்தின் சோறு ஓர் எண்ணை நம்பியிருக்கிறது என்றால், அந்த எண்ணில் சரிபார்க்கும் இலக்கம் கட்டாயம் வேண்டும் என்பேன்.

பள்ளியில் பெரிய எண்ணைக் கோடி, லட்சம் என்று வாசிக்கச் சொல்வதோடு நிறுத்திவிடுகிறோம். அதைப் பிரித்துப் பார்க்கவும் விடலாமே! சாயங்காலம் என்னிடம் படிக்கவரும் பிள்ளைகளுக்கு 623526-ஐக் காரணிகளாகப் பிரிக்கக் கொடுத்தேன். இரண்டும் மூன்றும் உடனே வந்தன. பதினேழைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம். மிச்சம் 6,113. அது எதற்கும் மசியாத பகா எண் என்று உறுதி செய்ய 73 வரை ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தார்கள்.

அப்புறம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஏன் சார் ஒன்பது? நமக்கு எட்டு விரல்தான் இருந்திருந்தா?" எட்டெட்டாக எண்ணும் முறையைப் பலகையில் எழுதி, இலக்கங்களை இடம் மாற்றிக் கழித்தோம். ஒவ்வொரு முறையும் ஏழின் மடங்கு வந்து நின்றது.