.255 என்று முடிந்தாலே பிராட்காஸ்ட் முகவரியா?

ஒரு நெட்வொர்க்கின் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப ஒதுக்கியதுதான் பிராட்காஸ்ட் முகவரி. ‘.0, .255 என்று முடியும் ஐபி முகவரியை எந்தக் கணினிக்கும் தரக்கூடாது’ என்றொரு குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. மாஸ்க் (எந்தெந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க்கில் சேரும் என்று காட்டும் எண்) 255.255.255.0 என்றால் சரிதான், எப்போதும் அல்ல.

192.168.0.0-க்கு 255.255.254.0 மாஸ்க் போட்டுப் பாருங்கள். 256-இல் 254 போனால் 2. அதாவது மூன்றாம் எண் இரண்டிரண்டாக நகரும். 0-உம் 1-உம் ஒரே தொகுதி, மொத்தம் 512 முகவரிகள். முதலாவதான 192.168.0.0 நெட்வொர்க்கையே குறிக்க, கடைசியான 192.168.1.255 பிராட்காஸ்டுக்கு. நடுவிலுள்ள 510-உம் கணினிகளுக்குத்தான், 192.168.0.255, 192.168.1.0 உட்பட! பழைய கருவிகள் சில முரண்டு பிடிக்கலாம், அது வேறு கதை.

மாஸ்க் 255.255.255.192 என்றால் தொகுதிக்கு 64 முகவரிகள். அப்போது முதல் தொகுதியில், சாதுவாகத் தெரியும் .63-தான் பிராட்காஸ்ட். அதைக் கணினிக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் கேபிளைக் குறை சொல்லாதீர்கள்.