ஆய்வேடு இருக்கிறது, பாக்டீரியா எங்கே?

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றிலிருந்து தாமஸ் பிராக்கும் அவர் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் 1960களில் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்து, ஏ.டி.சி.சி. நுண்ணுயிர் சேமிப்பகத்தில் ஒப்படைத்தார்கள். 1980களில், டி.என்.ஏ.வைச் சூடாக்கிச் சூடாக்கிப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். முறையை உருவாக்கியவர்களுக்குச் சூட்டில் கெடாத ஒரு நொதி தேவைப்பட்டது. அப்படியொரு நொதி உள்ள அந்த பாக்டீரியா சேமிப்பகத்தில் உயிரோடு இருந்தது, கேட்டார்கள், கிடைத்தது. கோவிட் காலத்தில் நாம் எடுத்துக்கொண்ட பரிசோதனையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? மாணவர் பிச்சாவரம் சேற்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியா ஒன்றை எடுக்கிறார். கட்டுரை வருகிறது, பட்டமும் கிடைக்கிறது. கல்ச்சர், அதாவது வளர்த்தெடுத்த அந்த பாக்டீரியா, கிளிசரால் குழாயில், டீப் ஃப்ரீசரின் அடித்தட்டில் கிடக்கிறது. மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதிய எண் பனியில் அழிந்துபோயிருக்கும். நாலு வருடம் கழித்து வேறொரு ஆய்வகம் அதைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால், பதில் வராது; வந்தாலும் "ரிவைவ் ஆகவில்லை", மறுபடி உயிர்த்து வளரவில்லை என்று வரும். அப்புறம் அந்தக் கட்டுரையை யார், எப்படிச் சரிபார்ப்பது?

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். டி.என்.ஏ. வரிசையை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பதிந்து எண் வாங்காமல் பெரும்பாலான இதழ்கள் கட்டுரையை ஏற்பதில்லை. புது பாக்டீரியா இனம் என்றால் இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் வைத்தே ஆக வேண்டும். ஆனால் ஏற்கெனவே பெயருள்ள இனத்தில் அபூர்வமான ஸ்ட்ரெயின், அதாவது தனி உட்பிரிவு ஒன்று கிடைத்தால் அதைப் பாதுகாக்கப் பெரும்பாலும் யாரும் வற்புறுத்துவதில்லை. எழுத்து மட்டும் மிஞ்சுகிறது, உயிர் போய்விடுகிறது.

நம் நாட்டிலும் சேமிப்பகங்கள் உண்டு. சண்டிகரில் எம்.டி.சி.சி. 1986 முதல் இருக்கிறது. புனேயில் என்.சி.எம்.ஆர். இருக்கிறது. கல்ச்சரை உறைய வைத்து உலர்த்திக் கண்ணாடி ஆம்பூலில் அடைத்துவிட்டால் பல பத்தாண்டுகள் தாங்கும். ஆய்வேட்டை ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏற்றச் சொல்லும் பல்கலைக்கழகங்கள், அதில் பேசப்படும் முக்கிய ஸ்ட்ரெயினின் சேமிப்பக எண்ணையும் கேட்கலாமே. அந்தச் செலவை ஆய்வு நிதியிலேயே ஒரு தலைப்பாக ஒதுக்க வேண்டும்; மாணவர் தலையில் கட்டக் கூடாது.

வெளிநாட்டுக்குக் கொடுக்க, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி அனுமதி வேண்டும். அது நியாயமான காவல். ஆனால் மதுரையில் இருப்பவர் கோவைக்கு ஆய்வுக்காகக் கொடுக்க அந்தச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்பது "என் ஸ்ட்ரெயின்" என்ற மனசுதான். பொதுப் பணத்தில் கண்டெடுத்ததை, கட்டுரை வெளிவந்த பிறகும் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். வழிகாட்டிகளாக இருக்கும் நண்பர்களே, இந்த வருடம் ஆய்வேடு சமர்ப்பிக்கும் உங்கள் மாணவரின் கல்ச்சரை, அவர் கிளம்பும் முன் சேமிப்பகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.