அந்த 4,000 மரபணுக் கணக்கு

"காப்பர் பெப்டைட் சீரம் 4,000 மரபணுக்களைத் திருத்தி 60 வயதுத் தோலை 20 வயதாக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண் கற்பனை இல்லை, ஆனால் யார் முகத்திலும் அளந்ததும் இல்லை. இந்த சீரத்தில் செம்போடு சேர்ந்திருப்பது ஜிஎச்கே என்ற பெப்டைட், அதாவது சிறு புரதத் துண்டு. ஆய்வகத்தில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களில் அது எந்த மரபணுக்களைக் கூட்டியது, குறைத்தது என்ற தரவைக் கணினியில் அலசி எடுத்த கணக்கு அது.

அந்த 20, 60 வந்தது வேறு இடத்திலிருந்து. ரத்தத்தில் ஜிஎச்கே 20 வயதில் மில்லிலிட்டருக்குச் சுமார் 200 நானோகிராம், 60 வயதில் சுமார் 80 என்பார்கள். ரத்தத்தில் குறைந்ததைத் தோலில் பூசி ஈடுகட்டலாம் என்பது விளம்பரக்காரர்களின் தாவல்.

பொருளே சும்மா என்று சொல்லவில்லை. 1973-ல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் மனித ரத்தத்தில் கண்டறிந்தது இந்த ஜிஎச்கே. 1988-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள், செல் வளர்ப்பில் இது, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் உற்பத்தியைக் கூட்டுவதைக் காட்டினார்கள். ஆனால் தட்டில் இருக்கும் செல்லுக்கு மேல்தோல் என்ற தடுப்புச் சுவர் கிடையாது. நம் முகத்துக்கு உண்டு. மனிதர்களிடம் நடந்த கிரீம் சோதனைகள் சிறியவை, சில வாரங்களே நீடித்தவை. மெல்லிய சுருக்கம் கொஞ்சம் குறையலாம், சரி. 40 வருடம் குறையாது.