டவர் போனால் போனும் போச்சா?

செங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு போன் விமர்சன வீடியோ பார்ப்பதைப் போல எரிச்சலூட்டும் வேலை வேறு இல்லை. கேமரா எத்தனை மெகாபிக்சல், திரை எத்தனை ஹெர்ட்ஸ், எவ்வளவு சீக்கிரம் சார்ஜ் ஏறும் என்று மூச்சுவிடாமல் பேசுகிறார்கள். டவர் இல்லாத இடத்தில் இது எதற்காவது உதவுமா என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. போன், ரேடியோ, குறிப்பெழுதும் செயலி என்று எதையும் விடமாட்டேன். அதையே வெறுக்க வைத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

புளியரை தாண்டி, கோட்டைவாசல் ஏறி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துத் தென்மலைக்கு இறங்கும் பாதையில் போனவர்களுக்கு என் கோபம் புரியும். வளைவுக்கு வளைவு சிக்னல் வரும், போகும். 1956 நவம்பர் வரை செங்கோட்டையே மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது. இன்றைக்கும் இங்கே பல வீடுகளுக்குப் புனலூர்ப் பக்கம் சொந்தம் உண்டு. கல்யாணமோ, துக்கமோ, வியாபாரமோ, மலையை ஏறி இறங்கித்தான் ஆகவேண்டும். மழைக்காலத்தில் ரோட்டில் மரம் சாய்ந்துவிட்டால் காட்டுக்குள் அப்படியே நிற்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் கையில் இருக்கும் கருவி தன் காலில் நிற்க வேண்டாமா?

கடையில் போய் நான் கேட்டது இரண்டே விஷயம். இயர்போன் ஜாக் இருக்கிறதா, எஃப்எம் ரேடியோ எடுக்குமா? "இப்போ யாரு அண்ணாச்சி ஒயர் ஹெட்செட்லாம் போடுதா? ப்ளூடூத் வாங்கிக்கிடுங்க" என்றார் அந்தத் தம்பி. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

ஒயர் ஹெட்செட் வெறும் பாட்டுக் கேட்கிற சாமான் என்று நினைக்க வைத்துவிட்டார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். போனில் ரேடியோவுக்கு அலையைப் பிடிக்கும் ஏரியலே அந்த ஒயர்தான். 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் கால்வாசி, முக்கால் மீட்டர் ஒயர் இருந்தால் அலையை நன்றாகப் பிடிக்கும். காதில் தொங்குகிற ஒயரில் அந்த நீளம் தாராளமாக இருக்கிறது. ஒயரில்லாத ப்ளூடூத் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டால் ஏரியலுக்கு எங்கே போவது? ஜாக்கை எடுத்தார்கள், கூடவே கோடை பண்பலை 100.5-உம் போயிற்று. 2016-ல் ஆப்பிள் ஐபோன் 7-இல் ஜாக்கை நீக்கியபோது மேடையேறி அதைத் 'துணிச்சல்' என்றார்கள். மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. யாருடைய வசதியைப் பறிப்பதற்கு யாருக்குத் துணிச்சல்?

2023 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கரண்டும் இல்லை, டவரும் இல்லை என்று ஊர் ஊராகத் தவித்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் காசில்லாமல், இணையமில்லாமல் செய்தி கொண்டுவருவது ரேடியோ ஒன்றுதான். அதே ஆண்டு ஏப்ரலில்தான், போனில் எஃப்எம் வசதி இருந்தால் அதை முடக்கி வைக்காதீர்கள் என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை சொல்லியிருந்தது. அறிவுரைதான், கட்டாயம் இல்லை. உள்ளே இருக்கிற வசதியைத் திறந்துவிடுவதற்கே ஒரு அமைச்சகம் கெஞ்ச வேண்டியிருக்கிறது!

சரி, போனை விடுங்கள். செயலிகள் அதைவிட மோசம். புனலூரில் தீர்க்க வேண்டிய கணக்கையும் போக வேண்டிய முகவரியையும் நானே என் போனில் ஒரு குறிப்புச் செயலியில் எழுதி வைத்திருந்தேன். ஆரியங்காவுக்கு இந்தப் பக்கம் திறந்து பார்த்தால், மறுபடி உள்நுழைய வேண்டுமாம், அதற்கு இணைய இணைப்பு வேண்டுமாம். நான் எழுதியது, என் சட்டைப்பையில் இருக்கிறது, எனக்குக் காட்டமாட்டேன் என்கிறது. இதற்கு மாதச் சந்தா வேறு! என் வீட்டுப் பீரோ சாவியை எங்கோ ஒருவர் இடுப்பில் செருகிக்கொண்டு, மாதாமாதம் வாடகையும் கேட்பதைப் போல.

படங்களை அடுக்கிவைக்கும் பிகாசா என்ற மென்பொருளைக் கூகுள் 2016-ல் கைவிட்டது. ஆனாலும் கணினியில் ஏற்கெனவே நிறுவி வைத்திருந்தவர்களுக்கு அது அதன்பிறகும் ஓடியது, ஏனென்றால் நிரலும் படங்களும் அவர்கள் கணினியிலேயே இருந்தன. அதே கூகுள் 2024-ல் பாட்காஸ்ட் செயலியை மூடியபோது அப்படி எதுவும் மிஞ்சவில்லை. நம் கையில் இருக்கிறதா, அவர்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்21-இல் மெமரி கார்டு போடும் இடத்தை எடுத்துவிட்டார்கள். ஜூன் மாதத்தில் கூகுள் போட்டோஸ் வரம்பில்லாத இலவசச் சேமிப்பை நிறுத்தியது. ஒருபக்கம் நம் பெட்டியைப் பிடுங்கினார்கள், மறுபக்கம் அவர்கள் பெட்டிக்குக் காசு கேட்டார்கள். சொல்லிவைத்துச் செய்திருக்க வேண்டியதில்லை. சேர்ந்து அடித்தால் வலி ஒன்றுதான்.

மாற்று இல்லாமலா இருக்கிறது? குறிப்புகளை நான் இப்போது வெறும் டெக்ஸ்ட் கோப்பாக வைத்திருக்கிறேன், எந்தக் கருவியிலும் திறக்கும். யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடம் 2004-லிருந்து இருக்கிறது. அந்த வரைபடத்தை ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலியில் முன்பே இறக்கிவைத்தால் காட்டுக்குள்ளும் வழி தெரியும். இதெல்லாம் நாமாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கடையிலும் சொல்வதில்லை, விமர்சனத்திலும் சொல்வதில்லை.

விமர்சனம் செய்கிற தம்பி தங்கைகளே, அடுத்த போனைக் கையில் எடுத்ததும் ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள். வைஃபையும் வேண்டாம். எஃப்எம் பாடுகிறதா, குறிப்பு திறக்கிறதா, வரைபடம் வழி காட்டுகிறதா, இயர்போனையும் மெமரி கார்டையும் எங்கே செருகுவது என்று கேமரா முன்னால் காட்டுங்கள். அதைக் காட்டிவிட்டு அப்புறம் மெகாபிக்சல் கதையைச் சொல்லுங்கள், முழுக்கக் கேட்கிறேன்.